அழைப்பிதழின் பின்பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ, அத்தான், உன் மாமியார் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

இதை உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எழுதினால் அத்தான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தி வாசிப்பவர் மாதிரி எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிடுவார். இது உனக்கு மட்டும்.

எனக்குக் கல்யாணம். உட்கார்ந்துகொண்டு படி. மாப்பிள்ளை எங்கள் மெத்தைப் பட்டறையிலேயே வேலை செய்பவர். அவர் துணியில் சாக்குக்கட்டியால் அளவு போட்டுத் தருவார், நாங்கள் தைப்போம். அளவுக்காரர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். ஆள் தங்கம். வெட்டும் இயந்திரத்தின் பக்கம் மட்டும் போகமாட்டார். அவருக்கு வலிப்பு உண்டு.

போன வருடம் பஞ்சு மூட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்தார். ஒருவன் வாயைத் திறக்க ஸ்பூனோடு ஓடிவருகிறான், இரண்டு பேர் காலை அமுக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம். எல்லோரையும் விரட்டிவிட்டு, தலைக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகி, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். அவர் கண் திறந்தபோது நூற்று நாற்பத்திரண்டு. நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதான். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று பிறகு கேட்டார். "சின்ன வயசுல" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணம் மே 21, ஞாயிறு காலை பத்து மணி, பட்டறையின் கிடங்கில். சிரிக்காதே. மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. தரை முழுக்க மெத்தை விரிக்கப் போகிறோம். முனை உள்ள சாமான் ஒன்றுகூட உள்ளே வராது. பேண்டு இல்லை, பளிச் பளிச் என்று மின்னும் கேமராவும் இல்லை. பதிவேட்டில் கையெழுத்து, அப்புறம் சாப்பாடு, வேண்டுமானால் அங்கேயே ஒரு குட்டித் தூக்கம். நாற்பது பேர்தான்.

இன்னொன்று. மாப்பிள்ளை விழுந்தால் வந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஆறு வரி அச்சடிக்கிறோம். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கூட்டத்துக்கு நடுவில் விழுந்து, யாராவது தெரியாத்தனமாக அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டால்? நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம் வரும். கண்டிப்பாக வா.

உன் வாலு


பிப்ரவரி 26

அன்பு வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நானும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பள்ளி அலுவலகத்தில் பரீட்சை வேலை குவிந்து கிடக்கிறது.

கல்யாணம் என்றதும் சந்தோஷப்பட்டேன். கிடங்கில் என்றதும் சிரித்தேன், மன்னித்துவிடு. அத்தைக்கு மெத்தை விஷயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பொண்ணுக்குப் புத்தி இருக்கு. மத்த கல்யாணத்துல எல்லாம் இடுப்பு ஒடிய உக்கார வைக்கிறாங்க" என்றார். உன் அத்தான் இப்போதே பயணத்துக்கு நேரம் போட ஆரம்பித்துவிட்டார். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற மனிதர், வீட்டிலும் அதே குணம்தான். எட்டு நாற்பதுக்குக் கிளம்பினால் எங்கே எப்போது மாற வேண்டும் என்று தாள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் உடம்பைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. அந்தப் பின்பக்கம் மட்டும் வேண்டாம். மெத்தை போடு, விளக்கை அணை, எது வேண்டுமானாலும் செய், அச்சில் மட்டும் போடாதே. அத்தை எந்தத் தாள் கிடைத்தாலும் மூலை முடுக்கு விடாமல் படிப்பவர். படித்ததை வைத்து வீட்டில் இருப்பவர்களை உற்றுப் பார்ப்பவர். போன வருடம் எங்கேயோ சர்க்கரை நோயைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு மாதம் நாங்கள் தண்ணீர் குடிப்பதை எல்லாம் கணக்குப் பார்த்தார்.

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நலமுடன்,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா,

அம்மா பேச ஆரம்பித்துவிட்டாள், திட்டுவதற்காக. முழங்கால் பரவாயில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? "நானும் நலம்" என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தாயே, அதனால்தான் கேட்கிறேன்.

பின்பக்கத்தை எடுத்துவிடலாமா என்று அளவுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். அம்மா கேட்கிறாள் என்று சொன்னேன், உன்னை இழுக்கவில்லை. அவர் சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார். ஒரு நீளத் தழும்பு. முன்னால் வேலை பார்த்த இடத்தில் வியாதியை மறைத்துத்தான் சேர்ந்தாராம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். "சொன்ன இடத்துல எனக்கு அடி பட்டதே இல்ல. மறைச்ச இடத்துலதான் பட்டிருக்கு" என்றார்.

இதோ அந்த ஆறு வரி:

மாப்பிள்ளை விழுந்தால் பயப்பட வேண்டாம், கூட்டம் போட வேண்டாம்.
கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம்.
வாயில் எதையும் வைக்க வேண்டாம்.
தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கவும்.
கடிகாரத்தைப் பார்க்கவும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்கவும்.
எழுந்ததும் சாப்பிட ஏதாவது கொடுத்து, கல்யாணத்தைத் தொடரவும்.

கடைசி வரி அவருடையது.

அக்கா, நீ ஏன் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு எட்டு வயது, உனக்குப் பதினான்கு. நீ விழுந்த உடனே அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். உன் தலையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது என் வேலை. கண் திறந்ததும் நீ கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு?" நான் எண்ணைச் சொல்வேன். அப்புறம் அம்மா என் தோளைப் பிடித்து, "வெளிய சொன்னா அக்காவுக்குக் கல்யாணமே ஆகாது" என்பாள். நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட. ஆனால் கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறதே. அத்தானிடம் இன்னுமா சொல்லவில்லை?

வாலு


மார்ச் 29

வாலு,

எல்லோரும் நலம். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மா, "அதெல்லாம் போயிடுச்சு, இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்" என்றாள். நானும் போய்விட்டது என்றே நம்பினேன். மாத்திரை சாப்பிடுவதால் வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோதான். வரும் முன்னே வாயில் இரும்பு மாதிரி ஒரு ருசி தெரியும். உடனே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிடுவேன். கடைசியாகப் போன நவம்பரில். வெளியே வந்து வழுக்கிவிட்டது என்றேன். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று அவர் மறுநாளே தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிவந்து போட்டார். அதன்மேல் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். கேட்டால் இரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தேன். போன வாரம் அத்தை மதியம் மூன்று மணி வரை தூங்கினார். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார், பேச்சு குழறியது. உன் அத்தான் டாக்டரைக் கூப்பிடப் போனார். அப்போதுதான் அத்தை சொன்னார், "எனக்கும் உடம்புல தெம்பில்ல. அதான் உன் டப்பாவிலேருந்து ரெண்டு நாளா ரெண்டு ரெண்டு எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் கொலைகாரி. அப்படியிருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வந்து, வயசு, வெயில் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். இதைவிடக் கேவலம் உண்டா?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அத்தை இப்போது எப்படி இருக்கிறார்? நீ?

சொல்லிவிடு. காலில் விழுந்து கேட்கிறேன். ரப்பர் விரிப்பு வாங்கிப் போடுகிற மனிதரிடம் சொல்வதற்கு என்ன? அவர் கோபப்படுவார். படட்டுமே. தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் நீ ஒருநாள் கண்ணைத் திறக்காமல் போனால் என்ன செய்வது? இரண்டு நாளாக நான் அதையேதான் நினைத்துக்கொண்டு தைக்கிறேன். ஊசி விரலில் ஏறுகிறது.

பின்பக்கத்தை மட்டும் எடுக்கச் சொல்லாதே. போன வியாழக்கிழமை துணிக்கடை வாசலில் அவர் விழுந்தார். நான் பணம் கட்ட உள்ளே போயிருந்தேன். வெளியே வருவதற்குள் நாலு பேர் சேர்ந்து அமுக்கி, தோள்பட்டை இறங்கிவிட்டது. எல்லோரும் நல்லவர்கள்தான். உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். அந்த ஆறு வரியை அவர்கள் ஒருமுறை படித்திருந்தால் போதும், அவர் கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்காது. உனக்காக எதையும் விட்டுக்கொடுப்பேன் அக்கா. அவருடைய தோளை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

வாலு


ஏப்ரல் 20

வாலு,

இங்கு அனைவரும் நலம்.

அத்தை எழுந்து நடமாடுகிறார். டப்பாவில் இப்போது நிஜமான சத்து மாத்திரைதான் இருக்கிறது. என்னுடையதையும் டாக்டர் சீட்டையும் பள்ளியில் என் மேஜை டிராயருக்குள் மாற்றிவிட்டேன். காலையில் போனதும் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. விடுமுறை நாளுக்கு மட்டும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருகிறேன். பிரச்சினை தீர்ந்தது.

உனக்கு உன் வீட்டுக்காரர் முக்கியம். சரிதான். ஆனால் ஒருவர் மேல் விளக்கைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் மேலும் வெளிச்சம் விழும். அதை நீ யோசிக்கவில்லை. நாங்கள் வருவது கஷ்டம் என்றே நினைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 25

மதிப்புக்குரிய அத்தானுக்கும் அத்தைக்கும்,

வணக்கம். அனைவரும் சௌக்கியம்தானே? அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து தேறிவிட்டதாக அக்கா எழுதியிருந்தாள். கேட்டு நிம்மதி.

என் திருமண அழைப்பிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவசியம் குடும்பத்தோடு வந்து நடத்திக்கொடுக்க வேண்டும். நீங்கள் வராமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். மெத்தையில் நல்ல இடமாகப் பார்த்து அத்தைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து பின்பக்கத்தையும் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாலு


மே 6

அன்பு மைத்துனிக்கு,

ஆசிகள். இங்கே யாவரும் சௌக்கியம்.

அழைப்பு கிடைத்தது. வழக்கம்போல மேஜையில் வாசித்துக் காட்டினேன். முன்பக்கம் ஒரு நிமிடம், பின்பக்கம் ஒன்றரை நிமிடம். அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. "இப்படி வெளிப்படையா சொல்ற ஆளுக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு குடுக்கலாம்" என்கிறாள். ஆறு வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாடம் நடத்துகிறாள். உன் அக்காதான் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விட்டாள். பயமாம். ஒரு தாளைப் பார்த்து இவ்வளவு பயந்த ஆளை நான் பார்த்ததில்லை.

வருவது கஷ்டம் என்று அவள் ஏதோ எழுதியிருந்தால் அதைத் தள்ளு. பத்தொன்பதாம் தேதி எட்டு நாற்பது பஸ், மூன்று டிக்கெட் போட்டாயிற்று.

அத்தான்


மே 17

வாலு,

நீங்கள் நலமா? நான் எழுதுவது கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து திங்கட்கிழமையே விடுமுறை விட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றாலும் அலுவலகம் வெள்ளிவரை இருக்கும் என்று நம்பியிருந்தேன். அலுவலகச் சாவி தலைமை எழுத்தரிடம், அவர் ஊரில் இல்லை. மாத்திரை உள்ளே, சீட்டும் உள்ளே. கைக்குட்டையில் இருந்த இரண்டும் திங்களோடு தீர்ந்துவிட்டன. மருந்துக்கடைக்காரர் உன் அத்தானோடு தினமும் டீ குடிப்பவர், சீட்டில்லாமல் கேட்டால் அவரிடம்தான் முதலில் போய்ச் சொல்வார். டாக்டரிடம் தனியாகப் போக வழியில்லை, அத்தை பயணத்துக்கு மூட்டை கட்டுகிறேன் என்று என்னை விட்டு நகரமாட்டேன் என்கிறார்.

நாளை மறுநாள் பஸ். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறு நாள் ஆகிவிடும். காலையிலிருந்து வாயில் இரும்பு ருசி இருக்கிற மாதிரியே இருக்கிறது. பயத்தினாலா, நிஜமாகவா என்று தெரியவில்லை. வாலு, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிட வேண்டும். உங்கள் அளவுக்காரரின் மாத்திரையும் இதுவும் ஒன்றுதானா என்று மட்டும் கேட்டு வை.

அக்கா


மே 30

வாலு,

நீயும் அவரும் நலமா? அவருடைய தோள் ஆறிவிட்டதா?

எனக்கு ஒன்றும் நினைவில்லை. நீ கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது. ஜன்னல் பக்கம் தம்ளரோடு நின்றது நினைவிருக்கிறது. அப்புறம் கண் திறந்தால் உன் முகம் இல்லை. "எவ்வளவு?" என்று கேட்டேன், யாரோ ஒரு எண்ணைச் சொன்னார்கள். யார் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. மணியைக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த அன்றே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார், மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இப்போது டிப்போவில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறார். அத்தையும் வாயைத் திறப்பதில்லை. நான் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். போகச் சொன்னால் போக வேண்டும் அல்லவா?

என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது. வீட்டு முகவரிக்கே எழுது. இனி எதை மறைத்து என்ன?

அக்கா


ஜூன் 3

அக்கா,

நாங்கள் நலம். தோள் ஆறிவிட்டது. உன் பதினேழாம் தேதிக் கடிதம் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. நீ வந்திறங்கியதிலிருந்து அத்தை உன்னை விட்டு நகரவே இல்லை, என்னிடம் தனியாகச் சொல்ல உனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் அழுதேன்.

எழுதுகிறேன். தம்ளர் விழுந்தது, நீ விழுந்தாய். நான் கிடங்கின் அந்தக் கோடியில் இருந்தேன். ஓடப் பார்த்தால் கால் மெத்தையில் புதைகிறது. இந்தக் கல்யாணத்தையே மெத்தையில் வைத்தவள் நான், அந்த மெத்தையே என்னை உன்னிடம் போகவிடவில்லை. எண்ண ஆரம்பித்தேன். "ஒண்ணு" என்பதிலேயே நின்றுவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

"யாரும் எழுந்திருக்காதீங்க, பின்பக்கத்தைப் பாருங்க" என்று அளவுக்காரர் குரல் கொடுத்தார். நாற்பது பேரும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அத்தான் உன் பக்கத்தில் மண்டியிட்டார். சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து, அதே மேஜைக் குரலில் வாசித்தார். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கையை எடுத்துக்கொண்டார். தலைக்கு அடியில் மெத்தென்று. தன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். ஒரு வரி வாசிப்பார், அதைச் செய்வார், அடுத்த வரி.

அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். அத்தை எழுந்து போய், "காத்து வரட்டும், தொறங்க" என்று அதைத் திறந்து வைத்தார். அம்மா மறுபடி சாத்தவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது அத்தான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். நீ "எவ்வளவு?" என்றாய். "நூத்துப் பதினெட்டு" என்று சொன்னது அவர்தான்.

அதற்கப்புறம் நீ தூங்கினாய். கல்யாணத்தில் நீ ஒருத்திதான் அந்த மெத்தையைச் சரியாகப் பயன்படுத்தினாய். அவர் சட்டையில்லாமல் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

பெட்டியைப் பிரிக்கிறாயா, இல்லை நான் வரட்டுமா?

வாலு


ஜூன் 19

அன்பு வாலுவுக்கு,

இங்கே அவரும் அத்தையும் நலம். நான் முழு நலமில்லை. பதினோரு வருடத்தில் இதை ஒரு கடிதத்தில் எழுதுவது இதுவே முதல்முறை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன், அதன் சொந்த டப்பாவிலிருந்து.

உன் கடிதம் வந்ததும் பிரிக்காமல் மேஜையில் வைத்து, "வாசிங்க" என்றேன். அவர் வாசித்தார். நூற்றுப் பதினெட்டு வந்ததும் நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அதுக்கு முன்னால? இந்தப் பதினோரு வருஷமா யாரு எண்ணுனா?"

"யாரும் இல்ல. குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன்."

"நவம்பர்ல வழுக்குனது?"

"வழுக்கல."

அத்தை, "அப்ப அன்னிக்கு என் தலை சுத்துனது?" என்றார். அதையும் சொன்னேன். "ரெண்டு ரெண்டா போட்டுக்கிட்டேனே, பாவி" என்றார். என்னைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியவில்லை.

உன் அத்தான் எழுந்து போனார். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், திருப்புளியை வைத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளையும் நாலு திருகாணியையும் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அத்தைதான், "இனிமே எல்லாரும் பாடிக்கிட்டே குளிங்க, இல்லன்னா மானம் போயிடும்" என்றார்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். நேற்றுக் குளிக்கப் போனபோது கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடியது. நாலு துளைதான் இருந்தது. கதவுக்கு வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் அன்றைய பேப்பரை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

உன் அக்கா